கட்டற்ற குறியாக்க மென்பொருள்: உரிமம் வேறு, காப்புரிமை வேறு

கட்டற்ற மென்பொருளை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். மூலநிரலைப் படிக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். மற்ற மென்பொருள்களைவிடக் குறியாக்க மென்பொருளுக்கு இந்தச் சுதந்திரம் மிகவும் அவசியம். நம் கடிதங்களையும் கோப்புகளையும் பூட்டிவைக்கும் நிரல் உள்ளுக்குள் என்ன செய்கிறது என்று எவரும் திறந்து பார்க்க முடியாவிட்டால், அதை நம்புவதற்கு அடிப்படையே இல்லை. ஆனால் இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்கள் பலர், "இது கட்டற்ற மென்பொருள், ஆகவே சட்டச் சிக்கல் எதுவும் இருக்காது" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அது பாதி உண்மைதான். மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ள, இரண்டு உரிமைகளைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

முதலாவது பதிப்புரிமை. நிரலை எழுதிய கணத்திலேயே அது எழுதியவருக்கு வந்துவிடுகிறது. அது காப்பது எழுதப்பட்ட வரிகளை மட்டுமே. அதே வேலையைச் செய்யும் நிரலை வேறொருவர், முதலாவதைப் பார்த்து எழுதாமல், தாமாகப் புதிதாக எழுதினால் முதலாமவர் ஆட்சேபிக்க முடியாது. இரண்டாவது காப்புரிமை. விண்ணப்பித்து, பரிசீலனையில் தேறிய பிறகு ஓர் அரசு தருவது அது, காப்பது செய்முறையை. அந்தச் செய்முறையை எந்த நிரல்மொழியில், எத்தனை விதமாக எழுதினாலும் காப்புரிமை அதன்மீது பாயும். அப்படியொரு காப்புரிமை இருப்பதே தெரியாமல் நீங்களே யோசித்துக் கண்டுபிடித்திருந்தாலும், பெரும்பாலும் தப்ப முடியாது.

ஒரு வெண்பாவை இயற்றியவருக்கு அந்த வெண்பா சொந்தம் என்பதை எவரும் ஏற்பார்கள். வெண்பா என்ற யாப்பே ஒருவருக்குச் சொந்தம், அவரிடம் அனுமதி பெறாமல் இருபது ஆண்டுகளுக்கு எவரும் வெண்பா பாடக் கூடாது என்றால் எப்படி இருக்கும்? பதிப்புரிமைக்கும் காப்புரிமைக்கும் உள்ள இடைவெளி அவ்வளவு பெரியது.

உரிமம் என்பது எழுதியவர் நமக்குத் தரும் அனுமதிப் பத்திரம். தம்மிடம் இருப்பதைத்தான் ஒருவர் தர முடியும். நிரலை எழுதியவர் தம் வரிகளுக்கு அனுமதி தரலாம். அந்த நிரலுக்குள் ஓடும் கணிதச் செய்முறைக்கு வேறொருவர் காப்புரிமை வைத்திருந்தால், அதற்கான அனுமதியை இவரால் தர இயலாது. குறியாக்கத்தின் வரலாற்றில் இது ஏட்டளவில் நின்றுவிடவில்லை. ஒரு தலைமுறைக்கே இடையூறாக இருந்தது.

ஆர்எஸ்ஏ: பதினேழு ஆண்டுகள்

ரிவெஸ்ட், ஷமிர், ஏடில்மன் ஆகிய மூவர் 1977-இல் அமெரிக்காவின் எம்ஐடி கல்வி நிறுவனத்தில் இருந்தபோது ஒரு பூட்டு முறையைக் கண்டுபிடித்தார்கள். மூவர் பெயரின் முதலெழுத்துகளே ஆர்எஸ்ஏ. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது எளிது. பெருக்கி வந்த விடையை மட்டும் கையில் கொடுத்து அந்த இரண்டு எண்களைக் கண்டுபிடிக்கச் சொன்னால், எண்கள் போதிய அளவு பெரியவையாக இருக்கும்போது அது நடைமுறையில் இயலாத காரியம். பெருக்குத்தொகையைப் பொதுச் சாவியின் பகுதியாக உலகறிய வெளியிடலாம். அதைக் கொண்டு எவரும் உங்களுக்குச் செய்தியைப் பூட்டி அனுப்பலாம். திறக்கும் தனிச் சாவி உங்களிடம் மட்டுமே இருக்கும். முன்பின் அறியாத இருவர், இரகசியச் சாவியை நேரில் கைமாற்றிக்கொள்ளாமலே பாதுகாப்பாகப் பேசிக்கொள்ள இது வழி திறந்தது. மனிதர்களின் அந்தரங்கத்துக்குக் கணிதம் செய்த மிகப் பெரிய உதவிகளில் இதுவும் ஒன்று என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அந்தக் கணிதத்துக்கு 1977 டிசம்பரில் அமெரிக்காவில் காப்புரிமை விண்ணப்பம் போடப்பட்டது. 1983 செப்டம்பர் 20 அன்று 4,405,829 என்ற எண்ணில் காப்புரிமை கிடைத்தது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, வழங்கிய நாளிலிருந்து பதினேழு ஆண்டுகள் அது செல்லும். ஆக, 2000 செப்டம்பர் வரை. இப்போது பெரும்பாலான நாடுகளில் விண்ணப்பித்த நாளிலிருந்து இருபது ஆண்டுகள் என்று கணக்கிடுகிறார்கள்.

இங்கே புதியவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. ஆர்எஸ்ஏ-க்கு அமெரிக்காவுக்கு வெளியே காப்புரிமை இருக்கவில்லை. விண்ணப்பிக்கும் முன்பே, 1977 ஆகஸ்டில், ஒரு பிரபல அறிவியல் இதழில் அந்த முறை விளக்கப்பட்டுவிட்டது. வெளியான பிறகு ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க அமெரிக்கச் சட்டம் இடம் கொடுத்தது. மற்ற பல நாடுகளில் ஏற்கெனவே வெளியான ஒன்றுக்குக் காப்புரிமை கிடையாது. காப்புரிமை எல்லைக்கு உட்பட்டது. ஒரு நாட்டில் தடையாக இருப்பது அடுத்த நாட்டில் தடையே இல்லாமல் போகலாம். ஒரே நிரல் ஒரு நாட்டு மாணவர் கையில் சட்டப்படி சரியாகவும், இன்னொரு நாட்டு மாணவர் கையில் அத்துமீறலாகவும் இருந்த காலம் அது.

அந்தக் காலத்தின் நடுவில்தான் பில் சிம்மர்மன் 1991-இல் பிஜிபி என்ற மின்னஞ்சல் குறியாக்க நிரலை இலவசமாக வெளியிட்டார். அரசுகளுக்கும் பெருநிறுவனங்களுக்கும் மட்டும் கிட்டிவந்த குறியாக்கம் அதனால் சாதாரண மக்களின் கணினிக்கு வந்தது. உள்ளே இருந்தது ஆர்எஸ்ஏ. காப்புரிமையை எடுத்து நடத்திய நிறுவனத்திடம் அனுமதி இல்லை என்பதால் தகராறு மூண்டது. கடைசியில் 1994-இல் எம்ஐடி வழியாக பிஜிபி 2.6 வந்தது. அந்த நிறுவனமே வணிகமல்லாத பயன்பாட்டுக்கெனக் கொடுத்திருந்த நிரலகத்தை, அதாவது பிற நிரல்கள் எடுத்தாளக்கூடிய ஆயத்த நிரல் தொகுப்பை, அது பயன்படுத்தியது. அதனால் அமெரிக்காவில் அது சட்டப்படி செல்லுபடியானது. ஆனால் ஒரு நிபந்தனை நிரலுக்குள்ளேயே வைக்கப்பட்டது: 1994 செப்டம்பர் 1 முதல் புதிய பதிப்பு பூட்டும் செய்திகளைப் பழைய பதிப்புகளால் திறக்க முடியாது. அனுமதியற்ற பழைய பதிப்புகளை மக்கள் கைவிட வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்தார்கள். அமெரிக்காவுக்கு வெளியே, காப்புரிமையும் இல்லை, அந்த நிரலகமும் தேவையில்லை என்பதால், தனியாக ஒரு 'பன்னாட்டுப் பதிப்பு' புழங்கியது.

குறியாக்கத்தில் காப்புரிமை ஏன் மற்ற மென்பொருள்களைவிட ஆழமாகக் கீறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. படம் வரையும் செயலியில் ஒரு வசதிக்குக் காப்புரிமை இருந்தால், அந்த வசதியை விட்டுவிட்டு வேறு விதமாகச் செய்துகொள்ளலாம். உங்கள் நண்பருக்கு அதனால் பாதிப்பில்லை. குறியாக்கத்தில் அனுப்புபவரும் பெறுபவரும் ஒரே முறையைப் பயன்படுத்தியாக வேண்டும். நான் மட்டும் மாற்றிக்கொண்டேன் என்றால் உங்கள் செய்தியை என்னால் திறக்க முடியாது. நேற்று பூட்டி வைத்த என் சொந்தக் கோப்பையும் திறக்க முடியாது.

ஜெர்மனியைச் சேர்ந்த வெர்னர் கோக் 1997 இறுதியில் பிஜிபிக்குக் குனுபிஜி என்ற கட்டற்ற மாற்றை வெளியிடத் தொடங்கினார். பொதுச் சாவிக் குறியாக்கத்தின் முதல் காப்புரிமையான டிஃபி–ஹெல்மன் காப்புரிமை அந்த ஆண்டில்தான் காலாவதியாகியிருந்தது. அதனால் அதன்மேல் கட்டப்பட்ட எல்கமால் முறையைத் தயக்கமின்றி எடுத்துக்கொள்ள முடிந்தது. மின்கையொப்பத்துக்கு அமெரிக்க அரசின் டிஎஸ்ஏ தரநிலை. ஆர்எஸ்ஏ-வை வேண்டுமென்றே தவிர்த்தார். 1999 செப்டம்பரில் பதிப்பு 1.0 வெளியானபோது, அதனால் பழைய பிஜிபி பயனர்களின் ஆர்எஸ்ஏ சாவிகளைக் கையாள முடியவில்லை. ஆர்எஸ்ஏ காப்புரிமை முடிய இரண்டு வாரம் இருக்கையில், 2000 செப்டம்பர் 6 அன்று, அதை எடுத்து நடத்திய நிறுவனமே ஆர்எஸ்ஏ-வைப் பொதுவில் விட்டது. அதன் பிறகுதான் குனுபிஜி ஆர்எஸ்ஏ-வைச் சேர்த்துக்கொண்டது.

ஆர்எஸ்ஏ வந்தும் எல்லாம் தீரவில்லை. பழைய பிஜிபி, செய்தியின் உடலைப் பூட்டுவதற்கு 'ஐடியா' என்ற இன்னொரு முறையைப் பயன்படுத்தியது. அதன் காப்புரிமை ஒரு ஸ்விட்சர்லாந்து நிறுவனத்திடம் இருந்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் செல்லுபடியானது. வணிகமல்லாத பயன்பாட்டுக்கு இலவசம் என்று சொல்லியிருந்தார்கள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 'எந்த நோக்கத்துக்கும் பயன்படுத்தலாம்' என்பது கட்டற்ற மென்பொருளின் முதல் சுதந்திரம். வணிகத்தை விலக்கும் எதையும் அதற்குள் வைக்க முடியாது. ஆகவே குனுபிஜி அதைச் சேர்க்கவில்லை. தேவைப்பட்டவர்கள் தனியே கிடைத்த ஒற்றைக் கோப்பைத் தேடியெடுத்து, தாமே தொகுத்து, அமைப்புக் கோப்பில் அந்த நீட்சியை ஏற்றச் சொல்லி ஒரு வரி சேர்க்க வேண்டும். செய்யாதவர்களுக்குப் பழைய கடிதங்கள் பூட்டியபடியே கிடந்தன. ஐரோப்பியக் காப்புரிமை 2011-இலும் அமெரிக்கக் காப்புரிமை 2012 ஜனவரியிலும் முடிந்த பிறகுதான் குனுபிஜியோடே ஐடியா வரத் தொடங்கியது. அதற்குள் அது பழைய கோப்புகளைத் திறப்பதற்கு மட்டுமே தேவைப்படும் முறையாகிவிட்டிருந்தது.

உரிமங்கள் காப்புரிமையைப் பற்றி என்ன சொல்கின்றன?

இந்த அனுபவங்கள் உரிமங்களின் வாசகங்களிலும் தடம் பதித்திருக்கின்றன. எம்ஐடி, பிஎஸ்டி போன்ற சிறிய உரிமங்கள் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். காப்புரிமை என்ற சொல்லே அவற்றில் வராது. பயன்படுத்த அனுமதி என்று பொதுவாகச் சொல்லியிருப்பதால் காப்புரிமை அனுமதியும் அதில் அடக்கம் என்று வாதிடுபவர்கள் உண்டு. வாதம் நியாயமானதுதான், ஆனால் எழுத்தில் இல்லாததை நம்பிப் பெரிய கட்டடம் எழுப்புவது நல்லதில்லை.

குனு திட்டத்தின் பொது உரிமமான ஜிபிஎல்லின், 1991-இல் வந்த இரண்டாம் பதிப்பு வேறு வழியில் போனது. காப்புரிமை காரணமாக, பெறுபவர்கள் எல்லோருக்கும் அதே சுதந்திரங்களைத் தர உங்களால் முடியவில்லை என்றால், அந்த நிரலை நீங்கள் விநியோகிக்கவே கூடாது என்கிறது அதன் ஏழாம் பிரிவு. கடுமையான ஏற்பாடு. நிறுவனம் ஒன்று காப்புரிமைக்காரரிடம் தனக்கு மட்டும் அனுமதி வாங்கிக்கொண்டு மற்றவர்களைக் கைவிடுவதை அது தடுக்கிறது.

2004-இன் அப்பாச்சி 2.0 உரிமமும் 2007-இன் ஜிபிஎல் மூன்றாம் பதிப்பும் வெளிப்படையாகவே பேசுகின்றன. நிரலுக்குப் பங்களிக்கும் ஒவ்வொருவரும், தாம் பங்களித்ததைப் பயன்படுத்தத் தேவையான தம்முடைய காப்புரிமைகளுக்கும் சேர்த்தே அனுமதி தருகிறார்கள். அப்பாச்சியில் கூடுதலாக ஒரு தற்காப்பு ஏற்பாடு: அந்த மென்பொருள் என் காப்புரிமையை மீறுகிறது என்று நீங்கள் வழக்குப் போட்டால், அந்த மென்பொருளுக்காக உங்களுக்குக் கிடைத்திருந்த காப்புரிமை அனுமதி அந்த நாளோடு முடிந்துபோகும்.

இந்த அனுமதியின் எல்லையையும் மறக்கக் கூடாது. பங்களித்தவர்களின் காப்புரிமைகளுக்கு மட்டுமே அது பொருந்தும். அந்த மென்பொருளோடு எந்தத் தொடர்பும் இல்லாத மூன்றாம் நபர் ஒருவர் வந்து நின்றால், உலகின் எந்த உரிமமும் அவரைக் கட்டுப்படுத்தாது.

பொதுவில் விடுவதற்கான சிசி0 அறிக்கையைப் பலர் மிகத் தாராளமான வழி என்று எண்ணுகிறார்கள். பதிப்புரிமையைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் காப்புரிமையையும் வணிகக்குறியையும் தாம் விட்டுத்தரவில்லை என்று அதிலேயே தெளிவாக எழுதியிருக்கிறது. இந்தக் காரணத்தால் 2022-இல் லினக்ஸ் இயங்குதளத் தொகுப்பான ஃபெடோராவின் திட்டம், நிரல்களுக்குச் சிசி0-வை இனி ஏற்பதில்லை என்று முடிவெடுத்தது.

இரண்டும் கட்டற்றவை, ஆனால் சேராதவை

காப்புரிமையே இல்லாத இடத்திலும் உரிமங்களுக்குள் மோதல் வரலாம். இணையத்தில் மிகப் பரவலாக ஓடும் குறியாக்க நிரலகங்களில் ஒன்றான ஓப்பன்எஸ்எஸ்எல் இதற்கு உதாரணம். அதன் பழைய உரிமத்தில், இந்த மென்பொருளைக் குறிப்பிடும் எல்லா விளம்பரங்களிலும் இன்னாருடைய நிரல் இதில் இருக்கிறது என்ற நன்றிக்குறிப்பு இடம்பெற வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. படிப்பதற்குச் சாதாரணமாகத் தோன்றும். ஜிபிஎல் சொல்வதோ, இதில் உள்ளவற்றைத் தவிர வேறெந்தக் கட்டுப்பாட்டையும் பெறுபவர்மீது சுமத்தக் கூடாது என்று. விளம்பர நிபந்தனை ஒரு கூடுதல் கட்டுப்பாடு. எனவே ஜிபிஎல் நிரலையும் ஓப்பன்எஸ்எஸ்எல்லையும் இணைத்து ஒரே மென்பொருளாக விநியோகிப்பது சிக்கலாயிற்று. இரு தரப்பிலும் கெட்ட எண்ணம் இல்லை. இரு வாக்கியங்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

ஜிபிஎல் ஆசிரியர்கள் பலர் தங்கள் உரிமத்தோடு "ஓப்பன்எஸ்எஸ்எல்லுடன் இணைக்க மட்டும் விலக்கு" என்று ஒரு பத்தியைச் சேர்த்தார்கள். இன்னும் சிலர் குனுடிஎல்எஸ் என்ற, எல்ஜிபிஎல் (ஜிபிஎல்லின் தளர்ந்த வடிவம்) உரிமமுள்ள மாற்று நிரலகத்துக்குப் போனார்கள். உரிமத்தை மாற்றுவதும் எளிதாக இருக்கவில்லை. பல ஆண்டுகளாகப் பங்களித்த நூற்றுக்கணக்கானவர்களின் வரிகள் அதில் இருந்தன. ஒவ்வொருவருக்கும் அவரவர் வரிகளில் பதிப்புரிமை உண்டு. 2017-இல் எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பிச் சம்மதம் கேட்கத் தொடங்கினார்கள். 2021 செப்டம்பரில் பதிப்பு 3.0 வெளிவந்தபோதுதான் அப்பாச்சி 2.0 உரிமம் நடைமுறைக்கு வந்தது. அதுவும் ஜிபிஎல் மூன்றாம் பதிப்போடுதான் பொருந்துகிறது. இரண்டாம் பதிப்போடு பொருந்தாது என்பது ஜிபிஎல்லை வெளியிடும் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் கருத்து. அப்பாச்சியில் உள்ள அந்தக் காப்புரிமைத் தற்காப்பு ஏற்பாட்டை அவர்கள் கூடுதல் கட்டுப்பாடாகக் கருதுகிறார்கள்.

மூலநிரல் கைக்குக் கிடைப்பதாலேயே ஒன்று கட்டற்றதாகிவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். வட்டு முழுவதையும் பூட்டும் ட்ரூகிரிப்ட்டின் மூலநிரலை எவரும் படிக்க முடிந்தது. ஆனால் அதன் சொந்த உரிம வாசகங்கள் குழப்பமாக இருந்ததால் லினக்ஸ் தொகுப்புகளான டெபியனும் ஃபெடோராவும் அதைத் தங்கள் தொகுப்புகளில் சேர்க்கவில்லை. ஆர்சி4 என்ற முறையின் கதை வேறு: அதற்குக் காப்புரிமையே எடுக்கவில்லை, வணிக இரகசியமாக வைத்திருந்தார்கள். 1994 செப்டம்பரில் யாரோ அதை அநாமதேயமாக இணையத்தில் வெளியிட்டார்கள். இரகசியம் போயிற்று, பெயர் மட்டும் வணிகக்குறியாக மிஞ்சியது. அதனால் கட்டற்ற நிரல்கள் அதே முறையை 'ஆர்க்ஃபோர்' என்ற பெயரில் வைத்துக்கொண்டன.

தர நிர்ணயம் செய்பவர்கள் கற்றுக்கொண்டது

1997-இல் அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட், புதிய குறியாக்கத் தரநிலைக்கு உலகளாவிய போட்டி அறிவித்தபோது, தேர்வாகும் முறை உலகெங்கும் கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே நிபந்தனையாக வைத்தது. 2000-இல் வென்றது பெல்ஜியத்தைச் சேர்ந்த யோன் டாமன், வின்சென்ட் ரைமன் இருவரின் முறை. இன்று நாம் ஏஇஎஸ் என்று அழைப்பது அதைத்தான். அது இவ்வளவு பரவலாகப் புழங்குவதற்கு, அதன் வலிமையோடு அந்த நிபந்தனையும் காரணம் என்பேன்.

எதிர்மாறான உதாரணம் ஓசிபி. செய்தியைப் பூட்டுவதையும், வழியில் எவரும் அதைத் திருத்தவில்லை என்று உறுதிசெய்வதையும் ஒரே ஓட்டத்தில் வேகமாகச் செய்யும் அழகான முறை. பிலிப் ரோகவே 2001-இல் வெளியிட்டார். காப்புரிமை இருந்ததால் பலர் ஒதுங்கினார்கள். அதே வேலையைச் செய்யும், காப்புரிமை இல்லாத ஜிசிஎம் என்ற முறை அந்த இடத்தைப் பிடித்தது. ரோகவே 2013-இல் திறமூல நிரல்களுக்குக் கட்டணமற்ற அனுமதி தந்தார். 2021-இல் காப்புரிமைகளையே கைவிட்டார். அதற்குள் உலகம் ஜிசிஎம்முக்குப் பழகிவிட்டிருந்தது.

நீள்வளையக் குறியாக்கத்தில் இன்னொரு வகைத் துன்பம்: அச்சம். சிறிய சாவியில் பெரிய பாதுகாப்புத் தரும் இந்த முறையின் அடிப்படைக் கணிதத்தை 1985-இல் இருவர் தனித்தனியே முன்வைத்தார்கள். அந்த அடிப்படைக்குப் பரந்த காப்புரிமை இல்லை. ஆனால் வேகப்படுத்தும் உத்திகளுக்கும் சில நெறிமுறைகளுக்கும் ஏராளமான காப்புரிமைகள் இருந்தன. அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையே 2003-இல் 26 காப்புரிமைகளுக்காக 2.5 கோடி டாலர் கொடுத்து அனுமதி பெற்றது. எது அடிப்படை, எது காப்புரிமைக்கு உட்பட்டது என்ற தெளிவில்லாமல் ஃபெடோரா 2013 வரை இந்த முறையைத் தன் தொகுப்பிலிருந்து நீக்கியே வைத்திருந்தது. இந்தக் குழப்பத்தை நீக்க 2011-இல் ஆர்எஃப்சி எனப்படும் இணையத் தொழில்நுட்ப ஆவணங்களில் ஒன்று வந்தது. அதன் எண் 6090. அதை எழுதியவர்கள் கையாண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. 1994-ஆம் ஆண்டோ அதற்கு முன்போ அச்சில் வெளிவந்த கட்டுரைகளை மட்டுமே ஆதாரமாகக் கொண்டு, நீள்வளையக் குறியாக்கத்தின் அடிப்படைச் செய்முறைகளை அதில் விளக்கினார்கள். அவ்வளவு பழைய வெளியீட்டில் இருப்பதை இன்று எவரும் புதிதாகச் சொந்தம் கொண்டாட முடியாது.

இன்று ஒரு சாதாரணப் பயனர், புழக்கத்தில் உள்ள கட்டற்ற குறியாக்க நிரலை நிறுவிப் பயன்படுத்துவதற்கு இதையெல்லாம் எண்ணித் தயங்க வேண்டியதில்லை. ஆர்எஸ்ஏ, டிஃபி–ஹெல்மன், ஐடியா ஆகியவற்றின் காப்புரிமைகள் முடிந்துவிட்டன. ஏஇஎஸ் முதலிலிருந்தே கட்டணமற்றது. ஒரு நிரலகத்தை எடுத்துத் தம் செயலியில் சேர்த்து வெளியிடப் போகிறவர்கள்தான் பார்க்க வேண்டும். மூலநிரலோடு வரும் உரிமக் கோப்பைத் திறந்து, எந்த உரிமம், அதன் எந்தப் பதிப்பு, 'அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு' என்ற சொற்கள் உண்டா என்று பாருங்கள். வேறு உரிமமுள்ள நிரலோடு சேர்க்கலாமா என்ற கேள்விக்கு, ஜிபிஎல் இரண்டு மட்டும் என்றால் ஒரு விடை, இரண்டு அல்லது பிந்தையது என்றால் வேறு விடை. பிறகு உள்ளே இருக்கும் முறைகளின் பெயரைப் பாருங்கள். நிரலகம் புதியதாக இருந்தாலும் முறை பழையதாகவும் பலரால் கையாளப்பட்டதாகவும் இருந்தால் கவலை குறைவு. பணம் சம்பந்தப்பட்ட பெரிய முடிவு என்றால், இந்தத் துறை அறிந்த வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்வதே முறை.

புதிய முறைகளில்தான் இன்னும் விழிப்பு வேண்டும். குவாண்டம் கணினிகளாலும் உடைக்க முடியாத பூட்டுகளுக்கான போட்டியில் 2022-இல் கைபர் என்ற முறையை நிஸ்ட் தேர்ந்தெடுத்தது. அதன்மீது பாயக்கூடிய காப்புரிமைகள் இருந்ததால், அவற்றை வைத்திருந்த தரப்புகளோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. 2024 ஆகஸ்டில் கைபரை அடிப்படையாகக் கொண்ட தரநிலை வெளியானது. அதைச் செயல்படுத்துபவர்கள் அந்தக் காப்புரிமைகளுக்குக் கட்டணம் தர வேண்டியதில்லை. ஆனால் அந்த அனுமதி, தரநிலையில் உள்ள முறைக்குத்தான். கைபரின் கணிதத்தை எடுத்து மாற்றியமைத்துத் தம் சொந்த முறை ஒன்றை உருவாக்கி வெளியிட நினைப்பவர், அந்த ஒப்பந்தம் தம்மையும் காக்கும் என்று எண்ணாமல் அதன் வாசகத்தை முதலில் படிக்க வேண்டும்.